சியோலிலிருந்து வடகொரிய எல்லைக்கு ஒரு நாள் டூர்: எதைப் பார்த்து புக் செய்வது?

தென்கொரியா போகிற நம்மவர்கள் பலருடைய பட்டியலில் டி.எம்.இசட். (இரு கொரியாக்களுக்கும் நடுவிலுள்ள ராணுவமற்ற எல்லைப் பட்டை) என்ற பெயர் கட்டாயம் இருக்கும். சியோலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் புக்கிங் ஆப்பைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே பெயரில் டூர்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றிலும் அதே முள்வேலிப் படம், அதே நீலக் கொட்டகைப் படம். விலை மட்டும் எங்கெங்கோ இருக்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்ததால், பொடி எழுத்து வரை படித்து, டூர்க்காரர்களிடம் மெசேஜில் கேள்வி கேட்டுத்தான் நான் புக் செய்தேன். அந்த வழியை அப்படியே இங்கே தருகிறேன். விசா, விமான டிக்கெட், சிம் கார்டு எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்குள் போகவில்லை.

முதலில் மூன்று அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

1953 ஜூலை 27 அன்று கொரியப் போரின் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அன்றைக்குப் போட்ட எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு தரப்பும் ஆளுக்கு 2 கிலோமீட்டர் பின்வாங்கின. நடுவில் கிடக்கும் அந்த 4 கிலோமீட்டர் அகலப் பட்டைதான் டி.எம்.இசட். கொரியத் தீபகற்பத்தின் குறுக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் நீளம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை போடப்படவில்லை.

இந்தப் பட்டைக்குத் தெற்கே இன்னொரு கோடு இருக்கிறது: பொதுமக்கள் கட்டுப்பாட்டுக் கோடு. டூர் தேர்வு செய்கிறவர்களுக்கு முக்கியமானது இந்தக் கோடுதான். இதற்கு வெளியே இருப்பது இம்ஜின்கக் பூங்கா. யார் வேண்டுமானாலும் போகலாம், பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பவை வடகொரியா தோண்டிய மூன்றாம் சுரங்கம், வடகொரியாவை எட்டிப் பார்க்கும் டோரா காட்சிக்கூடம், டோராசான் ரயில் நிலையம், தோங்இல்சோன் கிராமம். ராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் போக முடியும். மூன்றாவது அடுக்கு பான்முன்ஜோம். நீலக் கொட்டகைகள் இருக்கும் கூட்டுப் பாதுகாப்புப் பகுதி அது, சுருக்கமாக ஜே.எஸ்.ஏ. அங்கே போக ஐ.நா. படைத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும்.

நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு டூரையும் இந்த மூன்றில் எது வரை போகிறது என்று முதலில் பிரியுங்கள். விலை, நட்சத்திரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

படி 1: கிழமை

மூன்றாம் சுரங்கமும் டோரா காட்சிக்கூடமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அரசு விடுமுறைகளிலும் அப்படித்தான். சோல்லால், சூசோக் பண்டிகைகள் சந்திர நாட்காட்டிப்படி வருவதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். நீங்கள் போகும் வருடத்துத் தேதியைப் பாருங்கள். திங்களன்றும் "டி.எம்.இசட். டூர்" விற்பார்கள். அது இம்ஜின்கக்கோடு திரும்பிவிடும் டூராகத்தான் இருக்கும்.

இன்னொன்று, பயணத்தின் கடைசி நாளில் இதை வைக்காதீர்கள். ராணுவக் காரணம் என்று அன்று காலையில்கூட ரத்தாகலாம். 2019-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோது மாதக்கணக்கில் டூர்களை நிறுத்தி வைத்தார்கள். சியோலில் இறங்கி இரண்டாம் மூன்றாம் நாளிலேயே போட்டுவிட்டால், தவறினாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். சனி, ஞாயிறை விட செவ்வாய் முதல் வியாழன் வரை கூட்டம் குறைவு.

படி 2: ஜே.எஸ்.ஏ. படத்தை நம்பி பணம் கட்டாதீர்கள்

2023 ஜூலை 18 அன்று, ஜே.எஸ்.ஏ. டூரில் வந்த அமெரிக்க ராணுவ வீரர் ஒருவர் கூட்டத்திலிருந்து பிரிந்து வடகொரியாவுக்குள் ஓடிவிட்டார். அதோடு வழக்கமான ஜே.எஸ்.ஏ. டூர்கள் நின்றுபோயின. ஆனால் விளம்பரங்களில் நீலக் கொட்டகைப் படம் அப்படியே இருக்கிறது.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஜே.எஸ்.ஏ.வுக்கு நிஜமாகவே அழைத்துப் போவதாக இருந்தால், உங்கள் பாஸ்போர்ட் விவரத்தையும் குடியுரிமையையும் பல நாள் முன்னதாகவே வாங்குவார்கள். என்ன உடுத்த வேண்டும் என்றும் சொல்வார்கள். இது எதுவும் கேட்காமல் "நாளைக்கே வரலாம்" என்றால் அது ஜே.எஸ்.ஏ. டூர் கிடையாது. நீங்கள் புக் செய்யும்போது திறந்திருக்கிறதா என்று டூர்க்காரரிடமே நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். இரண்டாம் அடுக்கிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

படி 3: நுழைவுச் சீட்டு யார் கையில்?

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். நானும் அதிக நேரம் செலவழித்தது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு உள்ளே போகும் சீட்டை இம்ஜின்கக்கில் உள்ள கவுன்டரில் அன்றன்றைக்குத்தான் கொடுக்கிறார்கள். முதலில் வருபவர்களுக்கு முதலில். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பும் உண்டு. அதாவது நீங்கள் ஒரு மாதம் முன்பே ஆப்பில் பணம் கட்டி "உறுதி" என்று பச்சை டிக் வந்திருந்தாலும், உறுதியானது பஸ்ஸில் உங்கள் சீட் மட்டும்தான். சுரங்கத்துக்கான சீட்டு அன்று காலை வரிசையில் நின்றால்தான் கையில் வரும்.

அதனால் டூர் நிறுவனம் நமக்கு விற்பது மூன்று விஷயங்கள்: சியோலிலிருந்து போக்குவரத்து, நமக்காக வரிசையில் நிற்கும் ஆள், விளக்கம் சொல்லும் வழிகாட்டி. உள்ளே பார்க்கும் இடங்கள் மலிவான டூருக்கும் விலை அதிகமான டூருக்கும் ஒன்றுதான். இது புரிந்துவிட்டால் தேர்வு சுலபம்.

ஒன்று, கிளம்பும் நேரம். காலை 7 மணிக்கு முன்பே கிளம்பும் டூரைத்தான் நான் பரிந்துரைப்பேன். 9 மணிக்கு மேல் கிளம்பும் டூர் தூங்க வசதியாக இருக்கும். ஆனால் கூட்டமான நாளில் சீட்டு தீர்ந்துபோகும், அல்லது உள்ளே போகும் நேரம் மதியத்துக்குத் தள்ளிப்போகும்.

இரண்டு, மாற்று ஏற்பாடு. விவரக்குறிப்பின் அடியில் "சூழ்நிலையைப் பொறுத்து இடங்கள் மாறலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எழுதிக் கேளுங்கள். நான் அனுப்பிய கேள்விகள் இவைதான்: "அன்றைக்குச் சுரங்கத்துக்கும் டோரா காட்சிக்கூடத்துக்கும் சீட்டு கிடைக்காவிட்டால் எங்கே அழைத்துப் போவீர்கள்? அப்போது பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" சில நிறுவனங்கள் தொகை வரை சொல்லித் தெளிவாகப் பதில் அனுப்பின. ஒரு நிறுவனம் கடைசி வரை "கவலைப்படாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டது. தெளிவாகப் பதில் சொன்னவர்களில் ஒருவரிடம்தான் புக் செய்தேன்.

மூன்று, விமர்சனங்கள். ஐந்து நட்சத்திரங்களைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, இரண்டும் மூன்றும் நட்சத்திரம் கொடுத்தவற்றை மட்டும் படியுங்கள். "சுரங்கத்துக்குப் போகவில்லை", "கடையில் ஒரு மணி நேரம்" போன்ற வரிகள் அங்கேதான் கிடைக்கும். இதற்கு எனக்குப் பிடித்த புக்கிங் ஆப் கிளூக். முந்தின நாள் வரை இலவசமாக ரத்து செய்ய முடிகிற டூர்களைத் தனியாகப் பிரித்துக்கொள்ளலாம். விமர்சனங்கள் கொரிய மொழியில் இருந்தால் பாப்பாகோ ஆப்பில் போட்டுப் படியுங்கள். கொரிய மொழிக்கு என் அனுபவத்தில் அதுதான் நன்றாக மொழிபெயர்க்கிறது.

டூரே வேண்டாம், நாமே போகலாமா? போகலாம். ரயிலில் முன்சான் வரை போய், அங்கிருந்து இம்ஜின்கக் சேர்ந்து, கவுன்டரில் நாமே சீட்டு வாங்கி அங்குள்ள ஷட்டில் பஸ்ஸில் ஏறலாம். செலவு மிகவும் குறையும். ஆனால் விடியற்காலையில் கிளம்ப வேண்டும், உள்ளே விளக்கம் பெரும்பாலும் கொரிய மொழியில்தான். முதல் தடவை போகிறவர்களுக்கு, அதுவும் பெரியவர்களோடு போகிறவர்களுக்கு, டூர்தான் என் சிபாரிசு.

படி 4: கூடச் சேர்த்து விற்பவை

அரை நாள் டூரில் இம்ஜின்கக், சுரங்கம், டோரா காட்சிக்கூடம், கிராமம் என்று முடிந்துவிடும். முழு நாள் டூரில் கமாக்சான் சிவப்புத் தொங்குபாலம், மாஜாங் ஏரித் தொங்குபாலம், இம்ஜின் ஆற்றைக் கடக்கும் கொண்டோலா என்று ஏதாவது சேர்ப்பார்கள். பாலங்கள் அழகானவை, ஆனால் எல்லையோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. கொண்டோலா எனக்குப் பிடித்தது. ஆற்றுக்கு மேலே போகும்போது, 1953-ல் போர்க்கைதிகள் கடந்து வந்த சுதந்திரப் பாலம் முழுதாகத் தெரியும்.

வடகொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவரோடு பேசும் வாய்ப்புள்ள டூர்களும் உண்டு. விலை கூடினாலும் அதை எடுங்கள் என்பேன். இவ்வளவு தூரம் போய்விட்டு வெறும் வேலியை மட்டும் பார்த்துத் திரும்புவது போதாது. ஆனால் அனுமதி இல்லாமல் அவரைப் படம் எடுக்காதீர்கள், சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அவருடைய சொந்தபந்தங்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கலாம்.

நல்ல வழிகாட்டி கிடைத்தால் சுதந்திரப் பாலத்தில் நின்று 1953 கைதிகள் பரிமாற்றத்தைப் பற்றிக் கேளுங்கள். நம் ஊர்ப் பங்கும் அதில் இருக்கிறது. தாய்நாடு திரும்ப மறுத்த போர்க்கைதிகளை டி.எம்.இசட்டுக்குள் வைத்துக் காவல் காத்தது இந்தியப் படை. அந்த விவகாரத்தைத் தீர்க்க அமைத்த நடுநிலை நாடுகள் ஆணையத்தின் தலைவர் ஜெனரல் திம்மையா. அன்றைய தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்திய வீரர்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்ததால், அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி நேராக எல்லைப் பட்டையில் இறக்கினார்கள். அதற்கு முன்பே, போர் நடந்த காலத்தில், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60-வது பாராசூட் மருத்துவப் பிரிவு அங்கே சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தது. இதையெல்லாம் வழிகாட்டிகள் தாமாகச் சொல்வது அபூர்வம். கேட்டால் சொல்வார்கள்.

படி 5: சுரங்கத்துக்கு உங்கள் முழங்கால் தயாரா?

வடகொரியா ரகசியமாகத் தோண்டிய மூன்றாம் சுரங்கத்தை 1978-ல் கண்டுபிடித்தார்கள். நீளம் 1,635 மீட்டர், தரைக்கு 73 மீட்டர் கீழே. அகலமும் உயரமும் சுமார் 2 மீட்டர். டூர் பக்கங்களில் "சுலபமான நடை" என்றுதான் போட்டிருக்கும். உண்மையில் முதலில் தெற்குப் பக்கத்திலிருந்து வெட்டிய சாய்வுப் பாதையில் 350 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இறங்குவது ஒன்றும் இல்லை. திரும்பி ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஹெல்மெட் கொடுப்பார்கள், கழற்றாதீர்கள். சராசரி உயரம் உள்ளவர்களுக்கும் பாறை தலையில் டங்கென்று இடிக்கும். போனும் பையும் லாக்கரில் வைத்துவிட வேண்டும், உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கிரானைட் பாறையில் கரி அப்பியிருக்கும். மாட்டிக்கொண்டதும் "இது நிலக்கரிச் சுரங்கம்" என்று வடகொரியா சொன்னது. கிரானைட்டில் நிலக்கரி ஏது? வெடிமருந்து வைக்கத் துளைத்த குழிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். எல்லாம் தெற்கு நோக்கியே போகும். கடைசியில் கான்கிரீட் தடுப்பு, அதற்கு மேல் போக முடியாது.

மூட்டுவலி, இதயக் கோளாறு, ஆஸ்துமா, இடுக்கான இடத்தில் பயம் இவற்றில் ஏதாவது இருந்தால் இறங்க வேண்டாம். மோனோரயில் ஒன்று இருக்கிறது, ஆனால் எல்லா நாளும் ஓடும், உங்கள் டூரில் சேரும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்பே கேளுங்கள். அம்மா மேலேயே இருந்து கண்காட்சிக் கூடத்தைப் பார்த்துக்கொண்டார். அதனால் எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

டோரா காட்சிக்கூடத்தில் வானிலைதான் எல்லாம். தெளிவான நாளில் வடகொரியாவின் கேசோங் நகரமும், 2016-ல் மூடிய தொழிற்பேட்டையும், கிஜோங்தோங் கிராமத்தின் 160 மீட்டர் கொடிக்கம்பமும் தெரியும். வசந்த காலத்துத் தூசி மூட்டத்தில் ஒன்றும் தெரியாது. அக்டோபர், நவம்பர் நல்லது.

படி 6: பாஸ்போர்ட்

அசல் பாஸ்போர்ட். போனில் படம், ஜெராக்ஸ் எதுவும் செல்லாது. சோதனைச் சாவடியில் ராணுவ வீரர் பஸ்ஸில் ஏறி ஒவ்வொருவராகப் பார்ப்பார். முந்தின இரவே கைப்பையில் வைத்துவிடுங்கள். வீரர்களையும் சாவடியையும் படம் எடுக்கக் கூடாது; வழிகாட்டி எங்கே எடுக்கலாம் என்று சொல்வார், அங்கே மட்டும் எடுங்கள்.

பிற்சேர்க்கை, கருத்துகளில் வந்த கேள்விகளுக்காக

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். முழு நாள் டூரின் மதியச் சாப்பாடு பெரும்பாலும் இறைச்சிதான். புக் செய்யும்போதே இறைச்சி, முட்டை இல்லாத பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) வேண்டும் என்று எழுதுங்கள். மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதைவிட அரை நாள் டூர் எடுத்துவிட்டு, சியோல் திரும்பி இத்தேவோனில் நம் சாப்பாடே சாப்பிடலாம்.

சீட்டு கிடைக்காமல் திரும்பியதாக ஒருவர் எழுதியிருந்தார். அப்படி ஆனால் பாஜுவில் ஒடுசான் காட்சிக்கூடம், கிம்போவில் ஏகிபோங் பூங்கா இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் வடகொரிய கிராமங்கள் தெரியும். ஏகிபோங்குக்கும் பாஸ்போர்ட் வேண்டும். வழிக்கு நேவர் மேப் பயன்படுத்துங்கள். கொரியாவில் கூகுள் மேப்பை விட அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

கடைசியாக, டூர் முடிந்து எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஹோங்தேயில் ஏற்றிய பஸ் மதியம் மியோங்டோங்கில் மட்டும் நிற்கலாம், வழியில் ஜின்செங் என்ற மூலிகை வேர் விற்கும் கடையிலும் நிற்கலாம். அன்று மாலையே பூசான் ரயில் டிக்கெட் போட்டிருந்தால் நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.