சென்னை மொட்டை மாடியிலிருந்து சிக்யூ வேர்ல்டு வைடு: 59 22-ஐ வீணாக்காமல் ஆடுவது எப்படி

சிக்யூ வேர்ல்டு வைடு என்பது ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்காரர்கள் உலகெங்கும் ஒருவரோடொருவர் தொடர்பு பிடித்துப் புள்ளி சேர்க்கும் போட்டி. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் எஸ்எஸ்பி (குரல்), நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் சிடபிள்யூ (மோர்ஸ்). யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் சனிக்கிழமை 00:00 மணிக்குப் போட்டி தொடங்கும். நமக்கு அது விடியற்காலை 5:30. முடிவது திங்கள் காலை 5:29 என்பதால், திங்களன்று லீவு கிடைக்குமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு தொடர்பிலும் நாம் கொடுப்பது சிக்னல் ரிப்போர்ட்டும் (59 என்றால் தெளிவாக, வலுவாகக் கேட்கிறது) போட்டிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களில் நம் எண்ணும்: "59 22". அந்த 22தான் நம் சொத்து. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, நேபாளம், பூட்டான், வங்கதேசம், லட்சத்தீவு, அவ்வளவுதான் அந்த மண்டலம். அந்தமான்கூட 26-இல் போய்விடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பேண்டிலும் (அலைவரிசைப் பட்டையிலும்) 22 ஒரு மல்டிப்ளையர், அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்கும் எண்ணில் ஒன்று கூடும். தேடிக்கொண்டு அவர்களே வருவார்கள். 100 வாட்டும் ஒரு டைபோலும் (இரு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனா) மட்டும் இருந்தால் மற்றவர்களைத் தேடிப் பிடிப்பதே வழி என்பார்கள். சென்னையில் அதை நம்பி உட்கார வேண்டாம். காலி அலைவரிசை பார்த்து சிக்யூ (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுங்கள்.

ஆன்டெனாவை எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுவது என்பதற்கு மதிப்பெண் கணக்குதான் விடை. வேறு கண்டத்துத் தொடர்புக்கு 3 புள்ளி, ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. ஜப்பானியர் முந்நூறு பேரும் ஐரோப்பியர் நூறு பேரும் ஒரே 300 புள்ளி. சென்னையிலிருந்து பெர்லின், வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில், சுமார் 322 டிகிரி, நியூயார்க் 337. ஆக ஐரோப்பாவைப் பார்த்துக் கட்டினால் அமெரிக்கக் கிழக்குக் கரையும் அதே வீச்சில் வந்துவிடும். டைபோல் தன் கம்பிக்குக் குறுக்காகவே அதிகம் வீசும் என்பதால், கம்பி வடகிழக்கு–தென்மேற்காக ஓட வேண்டும். அப்படிக் கட்டினால் டோக்கியோ, 56 டிகிரி, கம்பியின் முனைப் பக்கம் விழுந்து பலவீனமாகும். ஒரு புள்ளிக்காரர்கள் என்பதால் அந்த இழப்பைத் தாங்கலாம். நடுவை உயர்த்தி இரு முனைகளையும் தாழ்த்திக் கட்டினால் அதுவும் ஓரளவு சரியாகும்.

நீளத்துக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள்: 14.2-க்கு மொத்தம் 10.07 மீட்டர், ஒரு கைக்கு 5.03. பிவிசி உறை போட்ட வயரானால் மூன்று நான்கு சதவீதம் குறையும். முதலில் ஒரு கைக்கு 20 செ.மீ. கூடுதலாக விட்டு, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு; குறைவாக இருப்பது நல்லது) பார்த்து இரண்டு பக்கமும் சமமாக நறுக்குங்கள். ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) 31 மிக்ஸ் ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் 100 வாட்டில் ஆர்எஃப் (ரேடியோ அலை மின்னோட்டம்) கோஆக்ஸின், அதாவது அந்த கேபிளின், வெளிப்புறம் வழியாக அறைக்குள் இறங்கி, கம்ப்யூட்டருக்கும் ரிக்குக்கும் (ரேடியோ கருவிக்கும்) இடையிலுள்ள யுஎஸ்பி தொடர்பை அறுக்கும், பெரும்பாலும் பைல்-அப் (பலர் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிடுவது) உச்சத்தில் இருக்கும்போது. யுஎஸ்பி வயரிலும் ஒரு ஃபெரைட் மாட்டுங்கள்.

போட்டி நடப்பது வடகிழக்குப் பருவமழைக் காலம். கனெக்டரில் நீர் இறங்கினால் எஸ்டபிள்யூஆர் மழையில் ஏறும், வெயிலில் இறங்கும். செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப்பைப் பாதி அகலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் போடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்று வேறு. போன வருடச் சோல்டர் மூட்டை நம்பாமல் புதிதாக வையுங்கள். இடி முழங்கினால் மதிப்பெண்ணை மறந்துவிட்டு கோஆக்ஸ், மின் இணைப்பு, யுஎஸ்பி மூன்றையும் கழற்றுங்கள். கழற்றிய கோஆக்ஸின் முனை ஜன்னலுக்கு வெளியே இருக்கட்டும்.

இரைச்சலைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே தேடுங்கள். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். எஸ் மீட்டர் (சிக்னல் வலுவைக் காட்டும் அளவி) 7-லிருந்து 3-க்கு இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், பிஎல்டிசி மின்விசிறி, சார்ஜ் ஏறும் இன்வெர்ட்டர். இறங்கவே இல்லையென்றால் லிஃப்டையும் அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தீபாவளி ஒட்டி வரும் வருடங்களில் சீரியல் விளக்குகளும் சேர்ந்துகொள்ளும்.

லாகிங்குக்கு (தொடர்புகளைப் பதிவதற்கு) என்1எம்எம் என்ற மென்பொருள் போதும். எஃப்1 விசையில் சிக்யூ, எஃப்2-இல் "59 22", எஃப்3-இல் நன்றியும் கால்சைனும் (உங்கள் நிலையத்தின் அழைப்புக் குறி), மூன்றையும் உங்கள் குரலில் பதிந்துவையுங்கள். இல்லையென்றால் சனி இரவுக்குள் தொண்டை போய்விடும். கம்ப்யூட்டர் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிசெய்து, லாகில் யுடிசி ஓடுகிறதா என்று பாருங்கள்.

சிக்யூ தொடங்குமுன் அலைவரிசை காலியா என்று இரண்டு முறை கேளுங்கள். பைல்-அப்பில் "கிலோ லிமா" (கே, எல்) என்று கால்சைனின் இரண்டு எழுத்து மட்டும் காதில் விழுந்தால் "கிலோ லிமா, 59 22" என்று அவரையே கூப்பிடுங்கள். நடுவில் வேறு யார் கத்தினாலும் அவரை முடித்துவிட்டே அடுத்தவர். சத்தம் போட்டவருக்கு ஒருமுறை பதில் சொல்லிவிட்டால், அதன்பிறகு எல்லோரும் சத்தம்தான் போடுவார்கள்.

ஒவ்வொரு தொடர்பு முடிவிலும் கால்சைன் சொல்ல வேண்டுமா என்பது ஓயாத வாக்குவாதம். வேகத்துக்காக மூன்று நான்குக்கு ஒருமுறை சொல்பவர்கள் உண்டு. நாம் ஒவ்வொரு முறையும் சொல்வதே நல்லது: கால்சைன் தெரியாமல் காத்திருப்பவர் "யுவர் கால்?" என்று குறுக்கே கேட்பதில் போகும் நேரம் அதைவிட அதிகம். ஏற்கெனவே பேசியவர் மறுபடி கூப்பிட்டாலும் வாதாடாமல் மீண்டும் பதிவு செய்யுங்கள். முதல் தொடர்பு அவர் லாகில் ஏறாமல் இருந்திருக்கலாம். இரட்டைப் பதிவுக்கு அபராதம் கிடையாது.

ரன்னை (ஒரே அலைவரிசையில் சிக்யூ கொடுத்துக்கொண்டே இருப்பதை) விட்டு மல்டிப்ளையர் தேடப் போகலாமா? கையிலுள்ள எண்களைப் போட்டுப் பாருங்கள். 1200 புள்ளி, 120 மல்டிப்ளையர் என்றால் சாதாரண ஐரோப்பியத் தொடர்பு 360 மதிப்பெண் சேர்க்கும். புதிய மல்டிப்ளையரோடு வந்தால் 1563, அதாவது நான்கு தொடர்புகளுக்குச் சற்று மேல். மணிக்கு 60 தொடர்பு ஓடும்போது ஒன்றைத் தேட நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனால் நஷ்டம். ரன் மணிக்கு 15-க்கு இறங்கிவிட்டால் தாராளமாகப் போகலாம். இந்திய நிலையங்களை ஒதுக்காதீர்கள்: புள்ளி பூஜ்யம்தான், ஆனால் ஒவ்வொரு பேண்டிலும் ஒருவரைப் பிடித்தால் நாடு ஒன்று, மண்டலம் ஒன்று என இரண்டு மல்டிப்ளையர். போட்டி நேரத்தில் வாட்ஸ்அப்பில் "வாப்பா 15 மீட்டருக்கு" என்று அழைப்பது விதிமீறல். காற்றிலேயே தேடிக்கொள்ளுங்கள்.

கிளஸ்டர் (யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார் என்று காட்டும் இணையப் பட்டியல்) பார்த்தால் அசிஸ்டட் (உதவி பெற்றவர்) பிரிவு. ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் அதுதான். பார்ப்பவர்கள் திரையில் வந்த கால்சைனைக் காதால் உறுதி செய்யாமல் பதியவே கூடாது. தவறான கால்சைனுக்கு அந்தத் தொடர்பின் புள்ளி போவதோடு அதன் இரு மடங்கு அபராதமும் சேரும்: 3 புள்ளித் தொடர்பில் 9 இழப்பு.

முடிந்த ஐந்து நாளுக்குள் கப்ரில்லோ வடிவிலான லாக் கோப்பை அனுப்ப வேண்டும். பவர், அசிஸ்டட் வரிகளைத் திறந்து பாருங்கள். பலர் போன போட்டியின் அமைப்பையே அனுப்பிவிடுகிறார்கள். சந்தேகமான கால்சைனை இணையத்தில் தேடியோ, ஒலிப்பதிவைக் கேட்டோ திருத்துவதை விதி தடுக்கிறது. "எழுத்துப்பிழைதானே" என்ற வாதத்தை ஏற்க முடியாது. காதில் விழுந்ததைத்தான் போட்டி அளக்கிறது. பிழையைத் தொடர்பு நடக்கும்போதே திருத்துங்கள், கேட்டது சரியா என்று அவரிடமே கேட்டு.