கடைசி விடைபெறலுக்கு இசை தேர்ந்தெடுப்பது எப்படி? சூப்பர்ஹீரோ படங்களின் பின்னணி இசையிலிருந்து ஒரு பட்டியல் போடுவோம்

அண்ணன் இறந்தபோது, அவருக்கு விடைகொடுக்கும் கூட்டத்தில் ஒலிக்க வேண்டிய இசையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவர் சூப்பர்மேன் பைத்தியம். 1978-இல் வந்த படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட டைட்டில் இசையே போதும் என்று எடுத்து வைத்து, ஒருமுறை போட்டுப் பார்த்தேன். ட்ரம்பெட்டுகள் முழங்கத் தொடங்கியதுமே அண்ணன் மகள் என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் சித்தப்பா. இதை அப்பா எப்பவாச்சும்தான் கேப்பாரு. ராத்திரி கார் ஓட்டும்போது அவரு போடறது வேற."

அண்ணனின் போனை எடுத்து அவள் போட்டது, அதே ஆல்பத்தில் இருக்கும் 'லீவிங் ஹோம்'. படத்தில் அது எங்கே வருகிறது என்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வளர்த்த அப்பா மாரடைப்பில் இறந்துபோகிறார். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மகன் குமுறுகிறான். பிறகு ஒரு காலையில் வயலுக்கு நடுவே நின்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறான். அந்த இசையைத்தான் அண்ணன் வருடக்கணக்கில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.

அன்று கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன். சூப்பர்ஹீரோ படங்களின் ஆல்பங்களில் விடைபெறலுக்கான இசை நிறையவே இருக்கிறது. ஹீரோ பறக்கும் இடத்தில் தேடினால் அது கிடைக்காது. அவன் தோற்று நிற்கும் இடத்தில், ஒருவரை இழந்து நிற்கும் இடத்தில் தேடுங்கள்.

படி 1: யாருக்கான இசை என்று முடிவு செய்யுங்கள்

உங்களுக்காக நீங்களே முன்கூட்டிப் பட்டியல் போடுகிறீர்களா, அல்லது போய்விட்ட ஒருவருக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்களா? முதலாவது என்றால் நேரம் இருக்கிறது. இரண்டாவது என்றால் உங்கள் ரசனையை ஒரு ஓரமாக வைத்துவிட வேண்டும். உங்களுக்கு அழுகை வரவைக்கும் இசை அவருக்குப் பிடிக்காத இசையாகவும் இருக்கலாம். பணி ஓய்வு, ஊர் மாற்றம் போன்ற விடைபெறல்களுக்கும் இதே படிகள்தான். அங்கே கொஞ்சம் வேகமான ட்ராக்குகளையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

படி 2: யோசிக்காமல் பத்துப் பதினைந்தை எழுதுங்கள்

நல்லது கெட்டது பார்க்காமல் முதலில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவருக்காக என்றால் அவருடைய போனில் அடிக்கடி கேட்டவை என்ற பட்டியலைப் பாருங்கள். அதைவிடவும் முக்கியம், வீட்டில் இருப்பவர்களைக் கேட்பது. "அவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் வரும். "தனியா இருக்கும்போது என்ன கேப்பாரு? வேலை செய்யும்போது எதை முணுமுணுப்பாரு?" என்று கேளுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கேளுங்கள். பெரியவர்கள் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள்.

படி 3: காட்சியை மறந்துவிட்டுக் கேளுங்கள்

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். பின்னணி இசை என்பது காட்சிக்காக அளந்து தைத்த சட்டை. திரையில் ஒரு கதவு திறந்தால் இசையும் அங்கே திரும்பும். படம் பார்த்தவருக்கு அது புரியும். பார்க்காதவருக்கு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த இசை ஏன் திடீரென்று அதிர்கிறது என்று குழப்பமாக இருக்கும். கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு ட்ராக்கையும் கண்ணை மூடிக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை, வேறு வேலை எதுவும் செய்யாமல் கேளுங்கள். கையில் ஒரு காகிதம் இருக்கட்டும். இசை திரும்பும் இடங்களை நிமிடம், விநாடியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

2019-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துக்கு ஆலன் சில்வெஸ்ட்ரி போட்ட 'போர்ட்டல்ஸ்' ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். மெல்லத் தொடங்கி, சுமார் மூன்று நிமிடத்துக்குள் முழு ஆர்கெஸ்ட்ராவாக எழுந்து நிற்கும். தொலைந்துபோனவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வரும் காட்சி அது. காட்சியைத் தெரிந்தவருக்குக் கண் கலங்கும். தெரியாதவர் காதுக்கு அது வெற்றி முழக்கம். கூட்டத்தின் நடுவில் அதைப் போட்டால் பாதிப் பேர் திகைத்துப் போவார்கள். எல்லோரும் எழுந்து கிளம்பும் நேரத்தில் போட்டால் பொருந்தும்.

படி 4: எங்கே தேடுவது

ஆல்பத்தின் முதல் ட்ராக்கையும் கடைசி ட்ராக்கையும் முதலில் தாண்டிவிடுங்கள். பெரும்பாலும் அவை டைட்டில் தீம்களாகவோ கடைசிப் பெயர்ப்பட்டியலுக்கான தொகுப்பாகவோ இருக்கும். நமக்கு வேண்டியது நடுவிலும் முக்கால் பங்குக்குப் பிறகும் இருக்கும்.

அதே எண்ட்கேம் ஆல்பத்தில் 'தி ரியல் ஹீரோ' என்று ஒன்று உண்டு. அயர்ன் மேன் ஆன டோனி ஸ்டார்க்கின் இறுதி நிகழ்வில் ஏரிக்கரையில் எல்லோரும் கூடி நிற்கும்போது வருவது. இருபதுக்கு மேற்பட்ட படங்களாக நீண்ட ஒரு கதைக்கு விடைகொடுக்கும் இடம், ஆனாலும் இசை எங்கேயும் கத்தாது. துக்கத்தில் இருப்பவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நண்பர் மாதிரி இருக்கும். காட்சி தெரியாதவர்களுக்கும் அப்படியே சேரும். இந்த வரிசையில் எதை முதலில் கேட்பது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்துக்கு ஹான்ஸ் ஜிம்மர் போட்ட இசை பெரும்பாலும் இடிமுழக்கம்தான். ஆனால் அதில் ஒரு தனிப் பியானோ வரும். 'உலகைக் காப்பாற்றாத நேரத்தில் என்ன செய்யப் போகிறாய்?' என்ற பொருள்படும் நீளமான பெயருள்ள ட்ராக் அது. தொடக்கத்தில் ஒரு விரல் தயங்கித் தயங்கித் தட்டுவது போல இருக்கும். போகப் போகப் பெரிதாகிவிடும். பியானோப் பகுதி மட்டும் போதும் என்றால் அதுவரை வெட்டிக்கொள்ளலாம், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

'பிளாக் பாந்தர்' கதை தனி. 2018-இல் வந்த முதல் படத்துக்கு இசை லுட்விக் யோரான்சன். அதற்காக அவர் செனகல் நாட்டுக்குப் போய் அங்குள்ள கலைஞர்களுடன் இருந்து பதிவு செய்தார், ஆஸ்கரும் வாங்கினார். நாயகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்ட்டில், 43 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார். வேறு நடிகரைப் போடாமல், 2022-இல் வந்த இரண்டாம் படத்தைப் பாத்திரத்தின் மரணத்தோடே தொடங்கினார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தி, பாட்டோடும் ஆட்டத்தோடும் மன்னனை அனுப்பிவைப்பார்கள். அந்தப் படத்துக்காக ரிஹானா பாடிய 'லிஃப்ட் மீ அப்' போஸ்மேனின் நினைவாகவே எழுதப்பட்டது. நிஜத்தில் ஒருவரை இழந்தவர்கள் சேர்ந்து செய்த இசை என்பதால், அதை ஒரு நிஜ விடைபெறலில் ஒலிக்கவிடுவதில் எனக்குத் துளிகூடத் தயக்கமில்லை.

படி 5: வரிகள் வேண்டுமா, வேண்டாமா

வரிகள் இருந்தால் கூட்டம் வரிகளைத்தான் கேட்கும். 1962-இல் வந்த 'பாத காணிக்கை'யில் கண்ணதாசன் எழுதி டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'வீடு வரை உறவு' ஒன்று போதும். எந்த இடத்தில் ஒலித்தாலும் பேச்சு நின்றுவிடும். அந்த அளவுக்கு ஒரு பாட்டு இழுத்துக்கொள்ளும் என்றால், அதைச் சுற்றி வேறெதுவும் பேசாத இடமாகப் பார்த்து வையுங்கள். நினைவுரை நடக்கும்போது பின்னணியில் பாட்டு ஓடக் கூடாது. அங்கே வரியில்லாத இசை மட்டுமே.

சூப்பர்ஹீரோ படங்களில் வரியுள்ள பாட்டு வேண்டும் என்றால், 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். நாயகனை வளர்த்தவர் இறந்த பிறகு கேட் ஸ்டீவன்ஸின் 'ஃபாதர் அண்ட் சன்' ஒலிக்கும். 1970-இல் வந்த பாட்டு அது. அப்பா பேசுவதைத் தாழ்ந்த குரலிலும் மகன் பேசுவதை உயர்ந்த குரலிலும் ஒரே ஆள் பாடியிருப்பார். ஆனால் ஒன்று, வரிகளை முழுவதும் படித்துப் பாருங்கள். மகன் வீட்டை விட்டுப் போவதைப் பற்றிய பாட்டு அது. அப்பாவும் பிள்ளையும் மனத்தாங்கலோடு இருந்த வீட்டில் அது வேறு மாதிரி குத்தும்.

படி 6: மூன்று இடங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

மக்கள் வந்து அமரும் நேரம், அமைதியாக நினைக்கும் நேரம், கலையும் நேரம். இந்த மூன்றுக்கும் தலா ஒரு ட்ராக் போதும்.

வரும் நேரத்துக்கு நீளமான, ஏற்ற இறக்கம் குறைந்த இசை வேண்டும். 2022-இல் வந்த 'தி பேட்மேன்' ஆல்பத்தில் மைக்கேல் ஜியாக்கினோவின் 'சொனாட்டா இன் டார்க்னஸ்' இருக்கிறது. தனிப் பியானோ, சுமார் 12 நிமிடம். இருட்டான இசைதான். பிடித்திருந்தால் வையுங்கள். அமைதியான நேரத்துக்கு மூன்று நிமிடத்தைத் தாண்டாதீர்கள். துக்கத்தோடு நிற்பவர்களுக்கு மூன்று நிமிடமே மிக நீளம். கலையும் நேரத்தில்தான் எழுச்சிக்கு இடம். டைட்டில் தீம் வைத்தே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் இங்கே வையுங்கள்.

படி 7: கோப்பைத் தயார் செய்யுங்கள்

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஸ்ட்ரீமிங் செயலியில் ஆஃப்லைனாகச் சேமித்த பாட்டை இதில் திறக்க முடியாது. விலைகொடுத்து வாங்கிய எம்பி3 கோப்போ சிடியிலிருந்து கணினியில் எடுத்த கோப்போ வேண்டும்.

கோப்பை ஆடாசிட்டியில் திறந்தால் இசை அலைவடிவமாகத் தெரியும். படி 3-இல் குறித்த விநாடிக்குப் போங்கள். அதற்குப் பிந்தைய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்துங்கள். இப்போது மீதமுள்ள இசையின் கடைசிப் பத்து விநாடியைத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'ஸ்டுடியோ ஃபேடு அவுட்' கொடுங்கள். சத்தம் இயல்பாகத் தேய்ந்து முடியும். ஐந்து விநாடிக்குள் முடித்தால் யாரோ ரேடியோவைத் திருகி அணைத்த மாதிரி இருக்கும், பத்து கொடுங்கள்.

மூன்று ட்ராக்கும் மூன்று ஆல்பத்திலிருந்து வந்தால் சத்த அளவு ஒன்றுபோல் இருக்காது. எஃபெக்ட் மெனுவிலேயே 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' உண்டு. மூன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுங்கள். பிறகு எக்ஸ்போர்ட் செய்து 01, 02, 03 என்று பெயர் வையுங்கள். அன்றைய தினம் யார் கையில் கொடுத்தாலும் புரிய வேண்டும்.

படி 8: அந்த நாளில்

அண்ணனின் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு செயலியில் நேரடியாக ஓடவிட்டிருந்தேன். முதல் ட்ராக் முடிந்து, எல்லோரும் கண்ணை மூடி நின்ற நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது. உற்சாகமான ஒரு குரல், என்னவோ தள்ளுபடி. நான் போனைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குள் பதினைந்து விநாடி ஆகிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதினைந்து விநாடியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அதனால் கோப்பு போனுக்குள் இருக்க வேண்டும். போன் ஃப்ளைட் மோடில் இருக்கட்டும். ஸ்பீக்கரை வயரில் இணையுங்கள். ப்ளூடூத் மட்டும்தான் வழி என்றால் ஃப்ளைட் மோடு போட்ட பிறகு அதைத் தனியாக இயக்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ஒருமுறை முழுவதும் ஓடவிட்டு, கடைசி வரிசையில் போய் நின்று கேளுங்கள். ஆர்கெஸ்ட்ரா இசையின் மெல்லிய தொடக்கம் ஹெட்போனில் தெளிவாக இருக்கும், அறையில் காணாமல் போய்விடும். பொறுப்பை நெருங்கிய உறவிடம் கொடுக்காதீர்கள், அவர் அழ வேண்டியவர். ஒரு நண்பரிடம் கொடுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்காக நேரலை செய்கிறீர்கள் என்றால், பதிப்புரிமை உள்ள இசையைத் தளம் தானாகக் கண்டுபிடித்து ஒளிபரப்பையே தடுக்க வாய்ப்பு உண்டு. இசை ஒலிக்கும்போது மட்டும் நேரலையின் ஒலியை அணைத்துவிடுங்கள்.

படி 9: எழுதி வையுங்கள்

உங்கள் சொந்தப் பட்டியல் என்றால், மனதில் இருந்தால் போதாது. ட்ராக்கின் பெயர், ஆல்பம், ஆண்டு, இசையமைப்பாளர், எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிக்க வேண்டும், இவை ஒரு தாளில் இருக்கட்டும். ஒரே தீம் பல படங்களில் பல வடிவங்களில் வரும், ஆண்டு எழுதாவிட்டால் தவறான ஒன்றை எடுத்துவிடுவார்கள். ஏன் இது என்று ஒரே ஒரு வரியும் எழுதுங்கள். அண்ணன் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அவர் மகளுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்.

என் தாள் தயார். நகல் ஒன்று அண்ணன் மகளிடம் இருக்கிறது. வாங்கியவள் படித்துவிட்டு, இரண்டாம் வரியைக் காட்டி, "இது அப்பாவோடது" என்றாள். ஆமாம், 'லீவிங் ஹோம்'தான். எழுதியிருக்கும் காரணம்: "கார்ல ராத்திரி நேரத்துல அண்ணன் கேட்டது."