பழைய கார் ஸ்டீரியோவுக்குப் பாட்டு சிடி போடுவது எப்படி: மூன்று டிஸ்க்கைப் பாழாக்கிய பிறகு எழுதியது

தக்கலையில் இருக்கும் என் மாமா 2009-ல் வாங்கிய கார் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சிடி மட்டும் போகும் ஸ்டீரியோ. யுஎஸ்பி கிடையாது, புளூடூத் கிடையாது, ஆக்ஸ் வயர் சொருகவும் இடம் கிடையாது. "ஸ்டீரியோவ மாத்திருவோமா மாமா" என்று கேட்டால், "அது நல்லாத்தானே கெடக்கு, ஒனக்கு என்னடே" என்பார். போன மாதம் ஒரு பென்டிரைவைக் கையில் கொடுத்து, "மக்கா, இதுல உள்ளத ஒரு சிடில போட்டுத் தா. ஞாயித்துக்கிழம திருவனந்தபுரம் போணும்" என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் வாங்கினேன். மூன்று டிஸ்க் குப்பைக்குப் போனது. நான்காவதுதான் பாடியது.

கோப்பை நகலெடுக்கவும், ஒரு மென்பொருளை இறக்கி நிறுவவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள்

சிடி நுழையும் வாய்க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எம்பி3 அல்லது டபிள்யூஎம்ஏ என்று இருக்கிறதா? இருந்தால் டேட்டா சிடி, அதாவது எம்பி3 கோப்புகளை அப்படியே எழுதிய சிடி, போடலாம். காம்பாக்ட் டிஸ்க் சின்னம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஆடியோ சிடி ஒன்றே வழி.

ஆடியோ சிடியில் பாட்டு சுருக்கப்படாமல் போய் உட்காரும், நொடிக்கு 1411 கிலோபிட். அதனால் கோப்பு எத்தனை எம்பி என்ற கணக்கு அங்கே செல்லாது, நிமிடக் கணக்குதான். 80 நிமிடத்தோடு டிஸ்க் நிறைந்துவிடும். களியக்காவிளையில் கொஞ்சம் நெரிசல் என்றால் போதும், தக்கலையில் கிளம்பிய வண்டி திருவனந்தபுரம் போய்ச் சேரும் முன்பே முதல் பாட்டு மறுபடி வந்து நிற்கும். டேட்டா சிடியில் அதே டிஸ்க்கின் 700 எம்பிக்குள் 128 கிலோபிட் எம்பி3 என்றால் 12 மணி நேரம், 192 என்றால் 8 மணி நேரத்துக்கு மேல், 320 என்றாலும் 5 மணி நேரம் கொள்ளும். நான் 192-ல் நிறுத்திக்கொள்வேன். ஏசி இரைச்சலுக்கும் டயர் சத்தத்துக்கும் நடுவே 320-க்கும் 192-க்கும் வித்தியாசம் தெரிகிறது என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

டிஸ்க் வாங்கும்போது

சிடி-ஆர் (ஒரு தடவை மட்டும் எழுதக்கூடிய வெற்று சிடி) என்று கேட்டு வாங்குங்கள், அட்டையில் 700 எம்பி என்று இருக்கிறதா என்று பார்த்தும் வாங்குங்கள். என் முதல் டிஸ்க் பாழானது இங்கேதான். இப்போது எல்லாக் கடையிலும் வெற்று சிடி இருப்பதில்லை. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்று டிவிடி-ஆரை எடுத்துத் தந்தார். நானும் அட்டையைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். பார்க்க இரண்டும் ஒரே வட்டம்தான், ஆனால் டிவிடியை வேறு அலைநீள லேசரால்தான் படிக்க முடியும். சிடி ஸ்டீரியோவுக்கு அது வெறும் பிளாஸ்டிக் தட்டு.

சிடி-ஆர்டபிள்யூவும் வேண்டாம். அழித்து அழித்து எழுதலாம் என்ற ஆசையில் வாங்குவோம், ஆனால் அதன் அடிப்பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவது சிடி-ஆரை விட மிகக் குறைவு. பழைய ஸ்டீரியோவின் கண்ணுக்கு அது எட்டாது.

கோப்புகளைச் சரிசெய்தல்

மாமாவின் பென்டிரைவில் மூன்று வகைச் சரக்கு இருந்தது. சினிமாப் பாட்டு, மலையாளப் பாட்டு, அப்புறம் ஊர்க் கோயில் கொடையில் போனில் பதிவு செய்த வில்லுப்பாட்டு. முதல் இரண்டும் எம்பி3, தொல்லையில்லை. வில்லுப்பாட்டு எம்4ஏ கோப்பாக இருந்தது. போன்கள் பெரும்பாலும் அப்படித்தான் பதிவு செய்கின்றன, பழைய ஸ்டீரியோவுக்கு அது புரியாது. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து (விண்டோஸில் எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணைத் தொகுப்பும் வேண்டும்) எம்பி3-யாக ஏற்றுமதி செய்யுங்கள். அப்போது சாம்பிள் ரேட்டை (ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிவது என்ற எண்) 44100 என்று வையுங்கள். நான் "பேச்சுதானே, இடம் மிச்சமாகட்டும்" என்று 16000 வைத்தேன். கம்ப்யூட்டரில் கணீரென்று பாடியது, காரில் அந்தக் கோப்பை மட்டும் தாண்டித் தாண்டிப் போனது. பழைய ஸ்டீரியோக்கள் பலவற்றுக்கு 32, 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் தவிர மற்றது எடுக்காது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் திரையில் கட்டம் கட்டமாகவோ அடிக்கோடாகவோ வரும். தமிழில் டைப் அடிக்கப் பழகிய எனக்கு இது வருத்தம்தான், ஆனால் அந்தக் குட்டித் திரையில் தமிழ் எழுத்துருவே கிடையாது, வேறு வழியில்லை. ஆங்கில எழுத்தில் சின்னதாகப் பெயர் வையுங்கள், முன்னால் 001, 002 என்று எண் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் 1-க்கு அடுத்து 10 பாடும், 11 பாடும், 2-வது பாட்டு எங்கேயோ போய்க் கிடக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்காதீர்கள், ஓர் அடுக்கு போதும். பாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆல்பம் படத்தையும் எம்பி3டேக் மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து எடுத்துவிடுங்கள். பெரிய படம் இருந்த பாட்டுகள் மாமாவின் காரில் தொடங்கவே சில நொடி திணறின.

என்னைக் கவிழ்த்த இடம்

வெற்று சிடியை உள்ளே தள்ளியதும் விண்டோஸ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, இந்த டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறாய் என்று கேட்கும். இரண்டு பதில்கள் இருக்கும். மேலே 'லைக் எ யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ்', கீழே 'வித் எ சிடி/டிவிடி பிளேயர்'.

நான் மேலே இருந்ததை அழுத்தினேன். பென்டிரைவ் மாதிரி இழுத்துப் போடலாம், எவ்வளவு வசதி! போட்டேன். டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், எல்லாப் பாட்டும் இருந்தது, பாடவும் செய்தது. மாமா வீட்டுக்கு வண்டியை விட்டுக்கொண்டு போய் காரில் போட்டால், ஸ்டீரியோ பத்து நொடி உள்ளுக்குள் முனகிவிட்டு டிஸ்க்கைத் துப்பியது. மறுபடி போட்டேன், மறுபடி துப்பியது. மாமா தூணில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள போட்ட சிடியாக்கும்" என்று அத்தையிடம் சொன்னார்.

காரணம் இதுதான். மேலே உள்ளதை அழுத்தினால் டிஸ்க் யுடிஎஃப் என்ற முறையில் எழுதப்படுகிறது. கம்ப்யூட்டருக்கு அது தெரியும். கார் ஸ்டீரியோவுக்குத் தெரிந்தது ஐஎஸ்ஓ 9660 என்ற பழைய முறையும், நீளப் பெயருக்காக அதன் மேல் ஏறி உட்காரும் ஜோலியட்டும் மட்டுமே. பாட்டு டிஸ்க்கில் இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை ஸ்டீரியோவால் வாசிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் பாடுகிறதா என்று பார்ப்பது இதற்குச் சோதனையே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே கீழே உள்ளதை அழுத்துங்கள். அதன் பிறகு கோப்புகளை இழுத்துப் போட்டாலும் உடனே எழுதாது, வரிசையில் காத்திருக்கும். 'பர்ன் டு டிஸ்க்' அழுத்தினால்தான் எழுத ஆரம்பிக்கும்.

என் விருப்பம்: இம்ஜ்பர்ன்

விண்டோஸிலேயே வேலை முடியும் என்றாலும் நான் இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். கடைசிப் பதிப்பு 2013-ல் வந்தது, முகமும் அந்தக் காலத்து முகம்தான். இருந்தாலும் செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்யும். டிஸ்க்கை எழுதியதும் மூடிவிடும், பிறகு சேர்க்கலாம் என்று பாதியில் திறந்து வைக்கும் பழக்கம் அதற்கு இல்லை. மூடாத டிஸ்க்கைப் பல ஸ்டீரியோக்கள் ஏறெடுத்தும் பார்க்காது. நிறுவும்போது மட்டும் ஒவ்வொரு திரையையும் வாசித்து, கூடவே ஏதாவது நிறுவட்டுமா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள்.

திறந்ததும் 'ரைட் ஃபைல்ஸ்/ஃபோல்டர்ஸ் டு டிஸ்க்' என்பதை எடுங்கள். பாட்டு ஃபோல்டர்களை இடப்பக்கம் போடுங்கள். வலப்பக்கம் 'ஆப்ஷன்ஸ்' தாவலில் ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் 'ஐஎஸ்ஓ9660 + ஜோலியட்' என்று மாற்றுங்கள். அந்த வரியில் யுடிஎஃப் என்ற சொல் எங்கேயாவது இருந்தால் இன்னும் மாற்றவில்லை என்று அர்த்தம். 'டிவைஸ்' தாவலில் வேகம், கீழே 'வெரிஃபை' டிக். எழுதும் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

வேகத்தைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாவது டிஸ்க் போனது அதில்தான். எல்லாம் சரியாக வைத்து, அவசரத்தில் 24எக்ஸில், அதாவது பாட்டு ஓடும் வேகத்தைப் போல 24 மடங்கில், எழுதினேன். முதல் இருபது பாட்டு பாடியது, அதன் பிறகு இழுத்து இழுத்து நின்றது. நான்காவதை 10எக்ஸில் எழுதினேன், முழுக்கப் பாடியது. மெதுவானால் நல்லது என்று 1, 2 வரைக்கும் இறக்க வேண்டியதில்லை, இன்றைய டிஸ்க்குகள் அவ்வளவு மெதுவான எழுத்துக்குச் செய்யப்பட்டவையும் அல்ல.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கே3பி என்ற மென்பொருள் போதும். புது டேட்டா திட்டம், ஜோலியட் டிக், மல்டிசெஷன் (பிறகு சேர்க்க டிஸ்க்கைத் திறந்து வைப்பது) வேண்டாம் என்ற தேர்வு. அவ்வளவுதான்.

ஆடியோ சிடிதான் வேண்டும் என்றால் விண்டோஸ் மீடியா பிளேயரில் பர்ன் பகுதியில் ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுத்துப் பாட்டுகளை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு டிஸ்க்கில் 99 பாட்டு வரை போகும், ஆனால் நிமிடம் அதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

காருக்குள்

டிஸ்க் மேல் காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் பசை இளகி ஸ்டிக்கர் உள்ளேயே உரிந்தால் டிஸ்க் வெளியே வராது. பால்பாயிண்ட் பேனாவும் ஆகாது. பாட்டு இருக்கும் படலம் எழுத்து எழுதும் பக்கத்துக்கு அடியிலேயே மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கிறது, கீறினால் அங்கேதான் சேதம். சிடி மார்க்கர் போதும். முட்டம், குளச்சல் பக்கம் போய்க் கடற்கரையில் வண்டியை நிறுத்தினால் டிஸ்க்கை டாஷ்போர்டு மேல் விட்டுவிட்டு இறங்காதீர்கள், சிடி-ஆரின் சாயம் வெயிலுக்கு ஆகாது.

இன்னொன்று, எம்பி3 சிடி குழி விழுந்த சாலையில் ஆடியோ சிடி அளவுக்குத் துள்ளாது. எம்பி3 நொடிக்குக் கொஞ்சம் டேட்டாதான் கேட்கும், ஸ்டீரியோ முன்கூட்டியே படித்து வைத்ததை வைத்துச் சமாளித்துவிடும்.

பின்சேர்க்கை 1: லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால் வெளியே சொருகும் ரைட்டர் வாங்கிய ஒருவருக்கு எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறதாம். யுஎஸ்பி ஹப் வழியாகச் சொருகியிருந்தார். நேராக லேப்டாப்பில் சொருகச் சொன்னேன், சரியாகிவிட்டது. எழுதும் நேரத்தில் அந்த டிரைவ் அதிகக் கரண்ட் இழுக்கும்.

பின்சேர்க்கை 2: "பாட்டுக்குப் பாட்டு சத்தம் கூடிக் குறைகிறதே" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எம்பி3கெய்ன் என்ற மென்பொருளில் எல்லாவற்றையும் போட்டு 89 டெசிபலுக்குச் சமப்படுத்திவிட்டு எழுதுங்கள். பாட்டை மறுபடி சுருக்காமலே அது செய்யும்.

பின்சேர்க்கை 3: மாமாவிடமிருந்து ஒரு புகார். வில்லுப்பாட்டு ஒன்றேகால் மணி நேரம் ஒரே கோப்பு. பாதியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டீரியோ மறுபடி முதலில் இருந்து காப்புப் பாட ஆரம்பிக்கிறது. ஆடாசிட்டியில் பத்து நிமிடத்துக்கு ஒரு லேபிள் போட்டு 'எக்ஸ்போர்ட் மல்டிபிள்' கொடுத்து எட்டுத் துண்டாக்கினேன். வெட்டும் இடத்தைக் குடமும் உடுக்கையும் ஓய்ந்து புலவர் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து வையுங்கள், இல்லையென்றால் பாதி அடியில் தொங்கும். ஐந்தாவது டிஸ்க் போன வாரம் கொடுத்தாகிவிட்டது. இப்போது அத்தைக்குத் தனியாகப் பக்திப் பாட்டு சிடி வேண்டுமாம்.