நூலகத்தின் பேஸ்புக் வேலை உங்கள் தலையில் விழுந்தால்

"பிள்ளை, இனி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் நீர்தான் பார்க்க வேணும்" என்று எங்கள் நூலகர் சொன்ன அன்று, எனக்கு மகளின் போனில் படம் பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு பிரதேச சபை நூலகத்திலோ சனசமூக நிலைய வாசிகசாலையிலோ இதே வேலை உங்களுக்கும் வந்திருந்தால், நான் தடக்கி விழுந்த இடங்களையாவது நீங்கள் தாண்டிப் போகலாம்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் பழக வெளிக்கிட வேண்டாம். 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் ஊழியர்கள் இணையக் கருவிகளைப் பழகுவதற்காக '23 விடயங்கள்' என்று ஒரு பயிற்சி தொடங்கினார். அவரவர் தம்பாட்டில் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்து, பார்த்ததை எழுதிவைக்க வேண்டும். முடித்தால் ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. பிறகு வேறு நாட்டு நூலகங்களும் அதைப் பின்பற்றின. அந்தக் காலத்துக் கருவிகள் பல இன்றைக்கு இல்லை, தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் காட்டிய கூகுள் ரீடரையே 2013இல் மூடிவிட்டார்கள், ஆனால் முறை இன்னும் நல்லது. நான் காலையில் பத்திரிகைகளை மேசையில் போட்ட பிறகு கால் மணித்தியாலம் ஒதுக்கினேன். அதற்குமேல் இருந்தால் வேலை செய்வதுபோலத் தெரியும், ஓடுவது ரீல்ஸ்தான்.

முதல் கால் மணித்தியாலங்களை எழுத்துருவுக்குக் கொடுங்கள். எங்கள் அலுவலகங்களில் கடிதம், புத்தகப் பட்டியல் எல்லாம் வருடக்கணக்காகப் பாமினியில் அடித்தவை. அதை அப்படியே பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் வரும், ஏனென்றால் பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. முகமூடி இல்லாத இடத்தில் பழைய முகம் தெரிந்துவிடும். கூகுளில் தேடினாலும் அகப்படாது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித்தரும் தளங்கள் இருக்கின்றன, ஒட்டினால் உடனே மாற்றித் தரும், ஆனால் மாற்றியதை ஒருமுறை வாசிக்காமல் போட வேண்டாம்: பட்டியலில் நடுவே ஆங்கிலத்தில் இருந்தவை எல்லாம் தமிழாகிவிடும். எங்கள் புதுவரவுப் பட்டியலில் ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் சர்வதேச எண்) என்று ஆங்கிலத்தில் இருந்த இடமெல்லாம் 'ஐளுடீ' என்று ஏதோ பிசாசின் பெயர்போல வந்தது, நானும் கவனிக்காமல் போட்டுவிட்டேன், உயர்தரப் பெடியன் ஒருவன்தான் "அன்ரி, இது எந்த நாட்டுப் புத்தகம்?" என்று கேட்டான். புதிதாக எழுதுவதைப் போனிலேயே யூனிகோடில் எழுதுங்கள். கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். அடிக்கக் கை வராதவர்கள் மைக்கை அமத்திப் பேசலாம், அங்கே தமிழ் (இலங்கை) என்று தனியாக இருக்கிறது. பெயர்களில் மட்டும் பிழை விடும், பார்த்துத் திருத்துங்கள்.

சரி, இனிப் பேஸ்புக். நூலகத்தின் பெயரில் ஒரு ஆளைப்போலக் கணக்குத் திறக்காதீர்கள், 'பக்கம்' திறங்கள். ஆள் கணக்கில் 5,000 நண்பர்களுக்குமேல் சேர்க்க முடியாது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு அக்கா தன் போன் இலக்கத்தில் நூலகத்துக்கு ஆள் கணக்குத் திறந்திருந்தார்; அவருக்கு இடமாற்றம் வந்தது, அந்த சிம்மும் செத்துப்போனது, கடவுச்சொல் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் அந்தக் கணக்கு பழைய திறக்கும் நேரத்தைத்தான் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பக்கம் என்றால் இரண்டு மூன்று பேர் தங்கள் தங்கள் கணக்கிலிருந்தே நடத்தலாம், ஒருவர் போனாலும் மற்றவர் கையில் சாவி இருக்கும்.

என்ன போடுவது? பூப்போட்ட காலை வணக்கம் வேண்டவே வேண்டாம். புதிதாக வந்த புத்தகங்களின் படம், கீழே தலைப்பும், எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டும் வகுப்பு எண்ணும் எழுத்தில். தமிழ் இலக்கியம் என்றால் 894.811 என்று போட்டுவிட்டால் வாசகர் நேரே தட்டுக்குப் போவார். பூட்டும் நாள்கள். பரீட்சை கிட்ட வரும்போது எந்தப் பாடத்துக்குக் கடந்தகால வினாத்தாள் இருக்கிறது என்பது. இதற்கு வருகிற விருப்பக்குறிகளைப் பார்த்து மயங்க வேண்டாம், அடுத்தநாள் எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

வட்ஸ்அப்பில் நான் விட்ட பிழை, வாசகர் எல்லாரையும் ஒரே குழுவில் சேர்த்தது. இரண்டாம் நாள் ஒருவர் காணி விற்க விளம்பரம் போட்டார். மூன்றாம் நாள் ஒரு தங்கச்சி வந்து, தெரியாத ஆள்கள் போன் எடுக்கிறார்கள் என்று அழாக்குறையாகச் சொன்னார், ஏனென்றால் குழுவில் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். அன்றே கலைத்தேன். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் புரோட்காஸ்ட் பட்டியல் போடுங்கள்: 256 பேர்வரை சேர்க்கலாம், ஒருவரை ஒருவர் காணமாட்டார்கள். உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும், அதனால் அங்கத்தவர் அட்டை கொடுக்கும்போதே சேமிக்கச் சொல்லுங்கள். கணக்கை உறுதிப்படுத்த வட்ஸ்அப்பிலிருந்து போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், தெரிந்தவர் பெயரில் கேட்டாலும்தான்.

பக்கம் கொஞ்சம் பரவியதும் இன்பொக்ஸில் கேள்விகள் வரும், எனக்கு இந்த வேலையில் பிடித்தது அதுதான். பாதி வெளிநாட்டிலிருந்து: அப்பா படித்த பள்ளிக்கூட மலர் இருக்கிறதா, அம்மம்மாவின் ஊரைப்பற்றிய புத்தகம் எங்கேனும் மிச்சம் இருக்கிறதா. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போன ஊர் இது, ஆகவே 'மிச்சம்' என்ற சொல் அடிக்கடி வரும். உங்கள் தட்டில் இல்லை என்று உடனே எழுதிவிடாமல், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னூலாக்கி வரும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் (noolaham.org) தேடுங்கள். இருந்தால் இணைப்பை அனுப்புங்கள். ஒரு பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடினால்தான் சிலது அகப்படும்.

சிலர் முழுப் புத்தகத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு, ஆகவே அன்பாக மறுத்துவிடுங்கள். வாசிக்க வரும் பிள்ளைகளின் முகத்தையும் தாய் தகப்பனைக் கேட்காமல் போட வேண்டாம்.

பக்கத்தை யார் யார் நடத்துகிறார்கள், எந்த மின்னஞ்சல், எந்த இலக்கம் என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வரவுப் பதிவேட்டோடு அலுமாரியில் பூட்டிவைத்திருக்கிறேன். அடுத்த இடமாற்றம் எனக்காகவும் இருக்கலாம்.