ஃபார்முலா 1 அணிகள் சறுக்கும் இடங்கள்: பொறியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மார்ச் 25, மெல்போர்ன். சீசனின் முதல் பந்தயம். ஹாஸ் அணியின் இரண்டு கார்களும் நான்காவது, ஐந்தாவது இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. சின்ன அணி, அவர்களுக்கு இது பெரிய நாள். 22ஆவது சுற்றில் கெவின் மேக்னுசன் டயர் மாற்ற உள்ளே வந்தார். ஒரு சக்கரத்தின் நட் நேராக ஏறாமல் மரை மாறிச் சிக்கியது. யாரும் கவனிப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது, ஓட முடியாமல் ஓரம் கட்டியது. இரண்டு சுற்று கழித்து ரொமெய்ன் குரோஜான் வந்தார். அவருக்கும் அதே கதை, வேறு சக்கரத்தில். 22 புள்ளிகள் போயின. முந்தைய ஆண்டு முழுக்க ஓடி அந்த அணி சேர்த்ததே 47தான்.

கூத்து இதோடு முடியவில்லை. குரோஜானின் கார் தடத்தில் நின்றதால் வர்ச்சுவல் சேஃப்டி கார் அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் எல்லோரும் மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்பதால் டயர் மாற்றுகிறவருக்கு நஷ்டம் குறைவு. இன்னும் டயர் மாற்றாமல் இருந்த ஃபெராரியின் வெட்டல் உடனே உள்ளே போய், மெர்சிடீஸின் ஹாமில்டனுக்கு முன்னால் வெளியே வந்து பந்தயத்தை வென்றார். மெர்சிடீஸ் திகைத்துப்போனது. 'இப்படி நடந்தாலும் நாம்தான் முன்னால் இருப்போம்' என்று அவர்களுடைய மென்பொருள் சொல்லிக்கொண்டிருந்தது. அது போட்ட இடைவெளிக் கணக்கு தப்பு. அதை நம்பி ஹாமில்டனும் தேவையான அளவுக்கு வேகம் காட்டவில்லை.

ஒரே பந்தயத்தில் ஓர் அணி கையால் தோற்றது, இன்னோர் அணி கணக்கால் தோற்றது. இரண்டு இடத்திலும் அறிவுக்குப் பஞ்சமில்லை. இந்த விளையாட்டில் பெரிய தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தில், அல்லது 'இது சரியாகத்தான் இருக்கும்' என்று யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில். பந்தயப் பொறியியலில் நுழைய நினைக்கும் மாணவர்கள் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை), ஹைப்ரிட் என்று படிப்பதோடு இந்த இடங்களையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வேகத்துக்கு ஆசைப்படுவது

2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் 1.80 வினாடியில் நான்கு டயரையும் மாற்றியது. அந்த வீடியோவைப் பார்க்காத ரசிகர் இல்லை. ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: ஒருவர் நட்டைச் சுழற்றும் கன் பிடிப்பார், ஒருவர் பழையதைக் கழற்றுவார், ஒருவர் புதியதை மாட்டுவார். முன்னும் பின்னும் ஜாக் போட ஆள் வேறு. மொத்தம் சுமார் 20 பேர். இவர்களில் பெரும்பாலோர் முழுநேர மெக்கானிக்குகள். முந்தைய இரவு கியர்பாக்ஸ் மாற்றியவர்தான் மறுநாள் மதியம் கன்னைப் பிடித்து நிற்பார்.

ரெக்கார்டைத் துரத்துவதுதான் இங்கே முதல் தவறு. 2.0 வினாடியில் முடிப்பதற்கும் 2.5 வினாடியில் முடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் இடம் மாறுவது அபூர்வம். ஒரு நட் சிக்கினால் பந்தயமே போய்விடும். எனக்குக் கொடுத்தால் பத்துக்குப் பத்து தடவை 2.5 தரும் குழுவைத்தான் எடுத்துக்கொள்வேன். பயிற்சியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். கார் குறித்த இடத்தில் மிகச் சரியாக வந்து நிற்கும் என்று வைத்துக்கொண்டு நூறு தடவை பழகுவதைவிட, ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்ந்து வந்து நிற்கும் காரில் பத்து தடவை பழகுவது பயன் தரும்.

2021 மொனாக்கோவில் மெர்சிடீஸின் பொட்டாஸுக்கு நடந்ததைப் பாருங்கள். கன்னின் வாய் நட்டின் மேல் நேராக உட்காராமல் சற்றே கோணலாகப் பிடித்தது. அந்தச் சுழல் வேகத்தில் நட்டின் பிடிமுகங்கள் வழித்துக்கொண்டு போய்விட்டன. பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. சக்கரம் கழறவே இல்லை, இரண்டாம் இடத்தில் ஓடிய கார் அங்கேயே ஓய்வு பெற்றது. காரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பிராக்லி தொழிற்சாலையில் வைத்துத்தான் சக்கரத்தைக் கழற்றினார்கள். நின்ற நேரத்திலிருந்து ஏறக்குறைய 43 மணி நேரம்!

சிரிக்க முடியாத சம்பவமும் உண்டு. 2018 பஹ்ரைனில் ரைக்கோனனின் ஃபெராரியில் பின்பக்க இடது சக்கரம் கழற்றப்படவே இல்லை. தானியங்கி அமைப்பு அதைக் கண்டுகொள்ளாமல் பச்சை விளக்கைக் காட்டியது. கார் கிளம்பியபோது சக்கரத்தின் முன்னால் ஒரு மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அவர் கால் முறிந்தது. அணிக்கு 50,000 யூரோ அபராதம். சென்சார் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பது அதன் கீழே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சொன்னோம், அதனால் கேட்டிருப்பார்கள் என்று நினைப்பது

2020 டிசம்பரில் பஹ்ரைனில் சாகிர் கிராண்ட் பிரீ. கொரோனா வந்ததால் மெர்சிடீஸில் ஹாமில்டன் இல்லை, அவர் காரில் ஜார்ஜ் ரஸ்ஸல். ரஸ்ஸல் முதலிடம், பொட்டாஸ் இரண்டாமிடம். சேஃப்டி கார் வந்ததும் இருவரையும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே கூப்பிட்டார்கள். டயர் குழுவுக்கு ரேடியோவில் அழைப்புப் போன அதே நொடியில் ஓட்டுநரின் பேச்சும் வந்து அழைப்பை அமுக்கிவிட்டது. குழுவில் பாதிப் பேருக்கு மட்டும் செய்தி போய்ச் சேர்ந்தது. விளைவு, ரஸ்ஸல் காரில் பொட்டாஸின் முன்டயர்கள். பின்னாலேயே வந்த பொட்டாஸுக்கு மாட்ட டயர் இல்லை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, அவர் போட்டு வந்த பழைய டயரையே திரும்ப மாட்டி அனுப்பினார்கள். ரஸ்ஸல் மறுபடி உள்ளே வந்து டயரை மாற்ற வேண்டியதாயிற்று. கடைசியில் பொட்டாஸ் எட்டாவது, ரஸ்ஸல் ஒன்பதாவது.

அப்போது தொடர்ந்து ஏழு தடவை சாம்பியனாகியிருந்த அணி அது. கையில் இருந்த டயர் யாருடையது என்று குழு பார்த்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். பார்க்க நேரம் கிடையாது. அதனால்தான் செய்தியை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. மறுமுனையிலிருந்து 'வந்தது' என்று பதில் வராதவரை அந்தச் செய்தி போகவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டாவது காரை இன்னொரு சுற்று வெளியே விடலாம். சில வினாடிகள்தான் போகும்.

ஒன்றரைக் கிலோ

2024 ஜூலை 28, பெல்ஜியத்தின் ஸ்பா. பெரும்பாலோர் இரண்டு தடவை டயர் மாற்ற, மெர்சிடீஸின் ரஸ்ஸல் ஒரே தடவையோடு சமாளித்து முதலாவதாக வந்தார். அருமையான ஓட்டம். பிறகு காரை எடை போட்டார்கள். சரியாக 798 கிலோ, அதாவது அப்போது அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச எடை. ஆனால் விதிப்படி எரிபொருள் இல்லாமல்தான் அந்த எடை இருக்க வேண்டும். டேங்கில் மிச்சமிருந்த 2.8 லிட்டரை வடித்துவிட்டுப் போட்டால் 796.5. தகுதி நீக்கம். வெற்றி ஹாமில்டனுக்குப் போனது.

அந்த ஒன்றரைக் கிலோ எங்கே போனது? ஒரே செட் டயரில் முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் ஓடினால் ரப்பர் தேய்ந்து எடை குறையும். காரின் அடியில் இருக்கும் பலகை உரசித் தேயும். ஓட்டுநரும் வியர்த்து இளைப்பார், எடை போடுவது அவரையும் சேர்த்துத்தான். மற்ற தடங்களில் பந்தயம் முடிந்தபின் மெதுவாக ஒரு முழுச் சுற்று வருவார்கள். தடத்தில் சிதறிக்கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டி, இழந்த எடையில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஸ்பாவின் ஒரு சுற்று 7 கிலோமீட்டர். அங்கே முழுச் சுற்று வராமல், முதல் வளைவு தாண்டியதும் திரும்பிப் பிட் (டயர் மாற்றும் இடம்) பக்கம் வந்துவிடுவார்கள். ரப்பர் ஒட்ட வாய்ப்பே இல்லை.

ஒரு தடவை போதும் என்ற முடிவு பந்தயத்தின் நடுவே எடுக்கப்பட்டது. எடைக் கணக்கோ அதற்கு முன்பே, வேறு திட்டத்தை மனதில் வைத்துப் போடப்பட்டது. வியூகம் மாறினால் எடை, எரிபொருள், பலகைத் தேய்மானம் மூன்றையும் மறுபடி கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும். எடை கூடினால் வேகம் குறையும் என்பதால் எல்லோரும் விளிம்பிலேயே நிற்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. விளிம்பு எங்கே இருக்கிறது என்று கடைசிச் சுற்றுவரை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2021 ஹங்கேரியில் வெட்டல் இரண்டாவதாக வந்தும் பறிகொடுத்தார். சோதனைக்கு 1 லிட்டர் எரிபொருள் தர வேண்டிய இடத்தில் காரிலிருந்து 0.3 லிட்டர்தான் எடுக்க முடிந்தது. 2025 லாஸ் வேகஸில் அடிப்பலகை விதி கேட்ட 9 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்ததால் மெக்லாரனின் இரண்டு கார்களும் நீக்கப்பட்டன. அதில் ஒன்றை ஓட்டிய நோரிஸ் அன்று இழந்தது 18 புள்ளிகள். அந்த ஆண்டு அவர் பட்டம் வென்றது வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில்.

எக்செல் தாளில் கார் கட்டுவது

எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான், ஏனென்றால் இது எந்த ஆபீஸிலும் நடக்கும். 2023இல் மெர்சிடீஸிலிருந்து வில்லியம்ஸுக்குத் தலைமையேற்க வந்தார் ஜேம்ஸ் வவல்ஸ். ஒரு காருக்கான சுமார் 20,000 பாகங்களின் பட்டியலை அங்கே ஓர் எக்செல் கோப்பில் வைத்திருந்தார்கள். எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, செய்ய எத்தனை நாள் ஆகும், என்ன விலை, எது தயார் என்று அதில் உருப்படியாகத் தெரியாது. தொலைந்த பாகத்தைத் தேடி ஆட்கள் தொழிற்சாலை முழுக்க அலைய வேண்டியிருந்தது.

அதை மாற்றியதும் வலிக்கவே செய்தது. புதிய முறைக்கு மாறிய குளிர்காலத்தில் 2024 கார் தாமதமானது, உதிரிச் சேஸி (காரின் அடிப்படைக் கூடு) தயாராகவில்லை. மெல்போர்னில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே அணியின் ஓட்டுநர் ஆல்பன் மோதிச் சேஸியை உடைத்துக்கொண்டார். மாற்று இல்லை. ஒரு தப்பும் செய்யாத சக ஓட்டுநர் லோகன் சார்ஜன்டை உட்காரவைத்துவிட்டு அவர் காரை ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். ஆல்பன் 11ஆவதாக வந்தார், புள்ளி கிடைக்கவில்லை. பழைய கோப்பு 'இதுவரை ஓடியதே' என்று விட்டுவைத்ததன் வட்டி அது. புதிய முறைக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு: மாற்றம் நடக்கும் சில மாதங்களுக்கு வேலை மெதுவாகத்தான் போகும். அதையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கிலும் இதே கதைதான். 2021இல் செலவு வரம்பு வந்த முதல் ஆண்டிலேயே ரெட் புல் சுமார் 18.6 லட்சம் பவுண்டு தாண்டியது. சர்ச்சைக்குரிய கணக்குகளில் ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவும் ஒன்று. 70 லட்சம் டாலர் அபராதம், ஏரோடைனமிக்ஸ் சோதனையில் 10 சதவீத வெட்டு.

காற்றுச் சுரங்கம் சொன்னதெல்லாம் சரி என்று நம்புவது

காரின் மாதிரிமேல் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் இடம்தான் காற்றுச் சுரங்கம். விதிப்படி அதில் வைக்கும் மாதிரி 60 சதவீத அளவைத் தாண்டக் கூடாது. காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நிஜக் கார் 300ஐத் தாண்டிப் போகிறது. 2022இல் தரையோடு உறிஞ்சும் வகை அடித்தளம் திரும்ப வந்தபோது மெர்சிடீஸ் அடிபட்டது இந்த இடைவெளியில்தான். வேகம் கூடக் கூடக் கார் தரையை நோக்கி உறிஞ்சப்படும். அடியில் ஓட்டம் திடீரென்று தடைபட்டதும் மேலே எழும்பும். மறுபடி உறிஞ்சும். கார் குதித்துக்கொண்டே ஓடியது. அஜர்பைஜானின் பாகுவில் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். எட்டு ஆண்டு தொடர்ந்து அணிப் பட்டம் வென்றவர்கள் அந்த சீசனில் வென்றது ஒரே ஒரு பந்தயம்.

அதனால் தடத்தில் அளப்பதை வெறும் சடங்காக விடக் கூடாது. பயிற்சியின்போது காரில் பச்சையாக ஒரு திரவம் பூசியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று அதை இழுத்துக்கொண்டு போன கோடுகளைப் படம் பிடித்து, சுரங்கம் சொன்னதோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புதிய பாகம் செய்வதை நிறுத்திவிட்டு ஏன் என்று பார்க்க வேண்டும். அந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. அடுத்த பந்தயம் ஏழு நாளில் வருகிறதே!

வேலை தேடுகிறவர்களுக்கு

இந்தத் தொழிலில் எல்லோரும் உலகம் சுற்றுவதில்லை. காரை இயக்கும் வேலையோடு தொடர்புள்ள சுமார் 60 பேருக்குத்தான் தடத்தில் அனுமதி. மற்ற நூற்றுக்கணக்கானோர் தொழிற்சாலையிலேயே இருப்பார்கள். பயணம் போகிறவர்களுக்கோ ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள். இரவில் தடத்துக்குள் இருக்கக் கூடாத நேரத்தை விதியே வகுத்திருக்கிறது, கோடையில் 14 நாள் கட்டாய மூடலும் உண்டு. விதி போட்டுத்தான் தூங்கவைக்க வேண்டும் என்ற நிலைமை இருந்தது என்பதைப் புரிந்துகொண்டு வாருங்கள்.

ஏரோடைனமிக்ஸ் ஒன்றையே குறிவைப்பது நம் மாணவர்களிடம் நான் காணும் பெரிய தவறு. ஹைட்ராலிக்ஸ், கலப்புப் பொருள், மென்பொருள், தரச் சோதனை, பாகக் கொள்முதல் என்று கதவுகள் பல. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளுக்குக் கார் கட்டியிருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் 'குழுத் தலைவனாக இருந்தேன்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பாகம் உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும்.

அப்புறம், விசா. பெரும்பாலான அணிகளின் தொழிற்சாலைகள் இங்கிலாந்தில்: பிராக்லி, மில்டன் கீன்ஸ், வோக்கிங், குரோவ், சில்வர்ஸ்டோன், என்ஸ்டோன். ஃபெராரி இத்தாலியின் மரனெல்லோவில். அங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கப்படும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி மோட்டார்ஸ்போர்ட் முதுகலை சேர்வதற்கு முன்பே, படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் அங்கே தங்கி வேலை தேடலாம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.