நூறு மெயில் பெட்டிக்கும் ஒரே லினக்ஸ் பயனர்

புதிதாக ஒருவருக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்றால், சர்வரில் அவர் பெயரில் லினக்ஸ் பயனரை உருவாக்கத் தேவையில்லை. போஸ்ட்பிக்ஸும் (அஞ்சலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) டவ்காட்டும் (பயனர்கள் தங்கள் அஞ்சலைப் படிக்க உதவும் மென்பொருள்) இருந்தால், விமெயில் என்று ஒரே ஒரு பயனர் போதும். அதன் யுஐடியை, அதாவது பயனர் எண்ணை, 5000 என்று வைப்பது வழக்கம். யாரும் அந்தப் பெயரில் சர்வருக்குள் நுழைந்து கட்டளை இட முடியாதபடி, லாகின் ஷெல் கொடுக்காதீர்கள். எல்லாருடைய அஞ்சலும் இந்தப் பெயரில்தான் டிஸ்கில் சேரும், அதனால் அந்த 5000-ஐ இரண்டு மென்பொருளின் அமைப்பிலும் குறிப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், போஸ்ட்பிக்ஸின் அமைப்பில், உங்கள் டொமைனை (முகவரியில் @-க்குப் பின் வரும் பகுதி) விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் வரியில் சேருங்கள். பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். அதே டொமைன், சர்வரின் லினக்ஸ் பயனர்களுக்கான மைடெஸ்டினேஷன் வரியிலும் இருந்தால், போஸ்ட்பிக்ஸ் லினக்ஸ் பயனரைத் தேடிப் போய், அப்படி யாரும் இல்லை என்று அஞ்சலைத் திருப்பிவிடும். அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

எந்த முகவரியின் அஞ்சல் டிஸ்கில் எங்கே சேர வேண்டும் என்று போஸ்ட்பிக்ஸுக்குச் சொல்லும் முகவரிப் பட்டியலில், பாதையின் கடைசியில் சாய்கோடு (/) போட்டால் ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. விட்டால் எல்லாம் ஒரே கோப்பில் குவியும். சாய்கோடே நல்லது. பட்டியலைத் திருத்தியதும், அதை போஸ்ட்பிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும், இதை நான் இன்னும் மறக்கிறேன்.

கடவுச்சொல் டவ்காட்டின் பொறுப்பு. டவ்காட்டோடு வரும் டவ்அட்மின் கட்டளை தரும் ஹேஷை (கடவுச்சொல்லின் மறைத்த வடிவம்) டவ்காட்டின் பாஸ்வேர்டு கோப்பில் ஒட்டினால் சரி. பத்து இருபது பேருக்கு டேட்டாபேஸ் எல்லாம் எதற்கு?