முதல் சுயாதீனப் படம்: பெண் இயக்குநர்களுக்கு ஒரு செய்முறை

சுயாதீனப் படங்கள் படப்பிடிப்பின் பாதியில் நின்றுபோவது குறைவு. கடைசி நாள் பூசணிக்காய் உடைத்த பிறகுதான் நிற்கின்றன. ஹார்ட் டிஸ்கில் மொத்தப் படமும் இருக்கும், எடிட்டருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அல்லது படம் யாருடையது என்று பணம் போட்டவரோடு வழக்கு வந்திருக்கும். பெண் இயக்குநர் என்றால் அந்த இடைவெளியில் “அவங்களால முடிக்க முடியலை” என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். அடுத்த படத்துக்கு அது பெரிய தடை. அதனால் இங்கே கேமராவைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைப் பற்றி விரிவாகவும் சொல்கிறோம்.

முதலில் காகிதம்

1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ தயாரிப்பாளர். இயக்குநர் என்பதற்காக மட்டும் படத்தின் மீது பதிப்புரிமை எதுவும் வராது. சம்பளமே வாங்காமல் நான்கு வருடம் உழைத்திருந்தாலும் இதுதான் நிலை. ஆகவே சொந்தமாக ஒரு பேனர், அதாவது தயாரிப்பு நிறுவனம், தொடங்குங்கள். அது தனிநபர் நிறுவனமாக இருந்தாலும் போதும். பணம் போடுகிறவர் வந்தால் இணைத் தயாரிப்பாளராகக் கையெழுத்திடுங்கள். உங்கள் பங்கு எத்தனை சதவீதம், எடிட்டிங்கில் கடைசி முடிவு யாருடையது, நெகட்டிவுக்குச் சமமான மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் முதல் தவணைப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே எழுதி வாங்கிவிட வேண்டும். பணம் வந்த பிறகு கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா?’ என்ற கேள்வி வரும்.

திரைக்கதை வேறு கணக்கு. அது இலக்கியப் படைப்பு, எழுதியவருக்கே சொந்தம். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எழுதி முடித்ததும் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

வேறொருவரின் சிறுகதையை வாங்கிப் படமாக்குகிறீர்களா? அப்படியானால் ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் கட்டாயம் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரே பக்கத்தில் “கதையைப் படமாக்க அனுமதிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு போனவர்கள், வெளிநாட்டு விற்பனை வரும்போது அங்கேதான் மாட்டுகிறார்கள். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் விதி உண்டு. ஒப்பந்தத்திலேயே வேறு கெடு குறித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வார்தா 1954-இல் தன் முதல் படத்துக்காகவே தாமாரிஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் கூட்டுறவாகச் சேர்ந்து உழைத்தார்கள். பின்னாளில் சினே-தாமாரிஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம்தான் அவருடைய படங்களை இன்றுவரை பாதுகாத்து விநியோகிக்கிறது.

பணத்தை எப்படிப் பிரிப்பது

உதாரணத்துக்கு 40 லட்சம் என்று வையுங்கள். படப்பிடிப்புக்கு முந்தைய வேலைக்கு 3, படப்பிடிப்புக்கு 18, எடிட்டிங், ஒலி, டிஐ (நிறங்களைச் சீராக்கும் வேலை), இசைக்கு 11, டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), சப்டைட்டில், தணிக்கை, விழாக்களுக்கு 4, எதிர்பாராச் செலவுக்கு 4. எடிட்டிங் முதலியவற்றுக்கான அந்தப் பதினொன்றையும் தணிக்கை, விழாக்களுக்கான நான்கையும் தனி வங்கிக் கணக்கில் போட்டு, இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி செய்யுங்கள். படப்பிடிப்பில் மழை பெய்து இரண்டு நாள் போனால் எல்லோரும் கைவைக்க நினைப்பது இந்தப் பணத்தில்தான். நாள் கூடினால் காட்சியைக் குறையுங்கள், அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

‘சம்பளம் பிறகு’ என்று ஒப்புக்கொண்டு வருகிறவர்களுக்கு எவ்வளவு, வருமானம் வந்தால் யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்தி எழுதிக் கொடுங்கள். பேட்டா மட்டும் அன்றன்று கொடுத்துவிட வேண்டும். லைட்மேன் பேட்டா பாக்கி வைத்த யூனிட் மூன்றாம் நாளே மெதுவாகிவிடும்.

வெளியிலிருந்து பணம் தேடும் வழிகளும் உண்டு. இயக்குநர் லீனா மணிமேகலை ‘மாடத்தி’யை மக்களிடம் நிதி திரட்டி எடுத்தார், அது 2019-இல் தென்கொரியாவின் பூசான் விழாவில் திரையிடப்பட்டது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி திரைக்கதைக் கட்டத்திலேயே உதவுகிறது. கோவாவில் என்எஃப்டிசி (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்தும் ஃபிலிம் பஜாரில் (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) திரைக்கதைப் பயிலரங்கு, இணைத் தயாரிப்புச் சந்தை, முடியும் நிலையில் உள்ள படங்களுக்கான பட்டறை என்று தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென்றே ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஒதுக்கும் திட்டத்தை நடத்துகிறது. ஒவ்வொரு மாநில அரசிடமும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

யூனிட்

ரீமா தாஸ் அசாமின் சாய்காவ் கிராமத்தில் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ படத்தை எழுதி, இயக்கி, தானே ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் செய்து, தானே தயாரித்தார். நடித்தவர்கள் ஊர்ப் பிள்ளைகள். ஒலியைப் பதிவு செய்த உறவுக்காரப் பெண் மல்லிகா தாஸுக்கும் தேசிய விருது கிடைத்தது. 2018-இல் அறிவிக்கப்பட்ட விருதுகளில் சிறந்த படமும் அதுவே. இதைப் பார்த்து ‘ஆளே வேண்டாம்’ என்று முடிவெடுக்க வேண்டாம். அவர் பணத்துக்குப் பதிலாகக் காலத்தைச் செலவழித்தார், வருடக்கணக்கில் எடுத்தார். 25 நாளில் முடிக்க வேண்டியவருக்கு 12 முதல் 15 பேர் தேவை. அதில் லொகேஷன் ஒலிப்பதிவாளரும் கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருட்கள் மாறாமல் இருப்பது) பார்க்கும் உதவி இயக்குநரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் பணியாளர், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சினிமா யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழுவின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் தினசரி கால்ஷீட் தாளின் அடியிலேயே அச்சிடுங்கள்.

லொகேஷன் பார்க்கப் போகும்போது வெளிச்சத்தைப் பார்க்கும் முன் கழிப்பறையைப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் வாடகை பேசி, தொகையை பட்ஜெட்டில் போடுங்கள். வசதி இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்து, மதியத்துக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். இரவுப் படப்பிடிப்பு முடிந்தால் பெண்களை அறை வாசல் வரை கொண்டுவிட ஒரு வண்டி, தாழ்ப்பாள் ஒழுங்காக உள்ள அறை ஆகிய இரண்டையும் புரொடக்‌ஷன் மேனேஜர் முதல் நாளே சரிபார்க்க வேண்டும்.

குழந்தைகள் நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளுக்கு அதிகபட்சம் 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். ஷெட்யூலை இந்த 5 மணி நேரத்தை வைத்தே போடுங்கள்.

ஒலியும் கோப்புகளும்

படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். ஒரு பூம் (கம்பில் தூக்கிப் பிடிக்கும் மைக்), இரண்டு லேப்பல் மைக் (சட்டையில் மாட்டுவது), பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அமைதியாக நிற்கவைத்து ஒரு நிமிடம் வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் எடிட்டில் ஒவ்வொரு வெட்டும் காதில் குத்தும். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி போட மறக்க முடியாது. பக்கத்து வீட்டு டிவியில் ஓடும் சினிமாப் பாட்டு டேக்கில் பதிந்தால், அதற்கு இசை நிறுவனத்திடம் உரிமை வாங்க வேண்டியிருக்கும். டிவியை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 180 டிகிரியில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் துடிக்கலாம். 172.8 டிகிரி, அதாவது 1/50 விநாடி வையுங்கள்.

விநாடிக்கு 100 மெகாபிட் பதியும் கேமரா மணிக்கு 45 ஜிபி எடுக்கும். 4கே புரோரெஸ் எச்க்யூ என்ற உயர்தரக் கோப்பு வடிவம் என்றால் 320 ஜிபியை நெருங்கும். கேமரா முடிவாகும் முன்பே டிஸ்க் செலவைக் கணக்கிடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். இரண்டு பிரதி சரிபார்க்கப்படும் வரை கார்டை அழிக்கக் கூடாது.

எடிட்டிங்

ரஃப் கட் (முதல் தோராய எடிட்) முடிந்ததும் மூன்று வாரம் படத்தைப் பார்க்காதீர்கள். பிறகு உங்களைத் தெரியாத எட்டு, பத்துப் பேருக்குக் காட்டி, எங்கே குழம்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள். பிக்சர் லாக் (காட்சி வெட்டுகளை இனி மாற்றுவதில்லை என்ற முடிவு) ஆன பிறகே ஒலியும் டிஐயும் தொடங்க வேண்டும். லாக் செய்த பிறகு ஒரு ஷாட்டை மாற்றினால்கூட ஒலி, இசை, நிறம், சப்டைட்டில் நான்கையும் மறுபடி பொருத்த வேண்டும். பதினொரு லட்சம் பதினைந்து லட்சமாக மாறுவது அங்கேதான். ஆங்கில சப்டைட்டிலை வட்டார வழக்கு தெரிந்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். வரிக்கு 42 எழுத்து, இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

தணிக்கை

விண்ணப்பம் தணிக்கை வாரியத்தின் இ-சினிபிரமாண் இணையதளம் வழியாக. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யுஏ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) சான்றிதழ் மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7+, 13+, 16+. ‘ஏ’ (வயது வந்தோருக்கு மட்டும்) சான்றிதழ் வாங்கிய படத்தைத் தொலைக்காட்சியில் அப்படியே போட முடியாது என்பதால் சாட்டிலைட் உரிமையின் விலை அடிபடும். படத்தில் ஆடோ கோழியோ நடித்தால் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். எடுத்து முடித்த பிறகு ஓடுவதால்தான் பல படங்களுக்கு மாதக்கணக்கில் தாமதமாகிறது. புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வாசகமும், தொடக்கத்திலும் நடுவிலும் விழிப்புணர்வுக் காட்சிகளும் சேர்க்க வேண்டும். நடிகர் கையில் சிகரெட் தேவைதானா என்று திரைக்கதையிலேயே முடிவெடுங்கள்.

வெட்டச் சொன்னால் முதலில் தணிக்கை வாரியத்தின் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும். 2011-இல் லீனாவின் ‘செங்கடல்’ படத்துக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை வெளியிட அனுமதித்தது. அந்தத் தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது உயர் நீதிமன்றம்தான். அரசியல் படம் எடுப்பவர்கள் வழக்கறிஞர் கட்டணத்தையும் தணிக்கை, விழாக்களுக்கு ஒதுக்கிய நான்கு லட்சத்துக்குள் யோசித்து வையுங்கள்.

விழாக்கள்

பெரிய விழாக்கள் உலக முதல் திரையிடலைக் கேட்கின்றன. ஊரில் நடந்த சின்ன விழாவில் காட்டிவிட்டால் அந்தக் கதவு மூடும். முதலில் எந்த விழா என்று முடிவெடுத்து, அதன் கெடுவிலிருந்து பின்னோக்கி நாள்காட்டி போடுங்கள். தேசிய விருதுக்கு அந்த வருடம் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும் என்பதையும் அதே நாள்காட்டியில் குறியுங்கள். கட்டணத் தள்ளுபடி கேட்டு நேரடியாக எழுதுங்கள், பல விழாக்கள் தருகின்றன.

படம் தேர்வானால் அங்கே சந்திக்கும் ஒவ்வொருவரும் அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்பார்கள். இரண்டாம் படத்தின் ஒரு பக்கச் சுருக்கம், தோராய பட்ஜெட், எந்த எந்த உரிமைகள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன என்ற விவரம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திலும் தயாராகக் கொண்டுபோங்கள். இந்தப் பக்கத்தை டிஐ நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் எழுதிவிடலாம். அப்போதுதான் இயக்குநருக்குக் கொஞ்சமாவது நேரம் கிடைக்கும்.